பிள்ளையிலிருந்து தொடங்கும் பாடம்

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு சிந்தனை

'மாணவர் மையக் கற்றல்' என்னும் சொற்றொடர் ஆசிரியர்களாகிய நமக்குப் புதியதன்று. 1999 இல் நாடெங்கும் முதலாம் தரத்தில் நடைமுறைக்கு வந்த கல்விச் சீர்திருத்தம், எழுத்துவேலையோடு விளையாட்டையும் செயற்பாட்டையும் சேர்த்தது. 2007 இல் ஆறாம், பத்தாம் தரங்களில் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தது. ஆயினும், தெரணியகலைப் பகுதித் தோட்டங்களைப் போன்ற இடங்களில், ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒருங்கே நடத்த நேரிடும்போது, "இதெல்லாம் நகரத்துப் பாடசாலைகளுக்கே பொருந்தும்" என்று சொல்லிவிடுகிறோம். இது சரிதானா என்று சற்று ஆராய்வோம்.

1. பேசாத பிள்ளை

தோட்டப் பிள்ளைகளின் கல்வியை முதன்முதலில் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது 1907 ஆம் ஆண்டுச் சட்டம். ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் போதும் என்பதே அன்றைய எண்ணம். 1970 களின் பிற்பகுதியில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதன்பின் கட்டடங்களும் ஆசிரியர் தொகையும் பெருகின. ஆனால் பழைய வழக்கமொன்று இன்னும் முற்றாக நீங்கவில்லை. ஆசிரியர் பேசுவார், பிள்ளை கேட்டிருக்கும். கரும்பலகையில் உள்ளவை கொப்பிக்குப் போகும். பிள்ளைக்கு விளங்கியதா என்று எவரும் அறியார்.

இதனால் நேரும் தீங்கு சிறியதன்று. விளங்காத பிள்ளை பேசாமல் பின்வாங்கில் அமர்கிறது. பேசாத பிள்ளைக்கு 'மக்கு' என்று பெயர் வைக்கிறோம். அப்பெயரை நம்பிவிட்ட பிள்ளை நாள் தவறி வரத் தொடங்கி, ஒருநாள் முற்றாக நின்றுவிடுகிறது. கொழும்பில் கடைக்கோ வீட்டு வேலைக்கோ போய்விட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் இவ்வாறு நம் வகுப்பறையிலேயே முதலில் தொலைந்தார்கள்?

2. பிள்ளை கொண்டுவரும் அறிவு

தோட்டத்துப் பிள்ளை வெறுங்கையோடு பாடசாலைக்கு வருவதில்லை. கொழுந்து நிறுப்பதைக் கண்டிருக்கிறது. தகப்பன் விடியற்காலையில் பால்வெட்டப் போவதையும், மழை பெய்தால் வெட்டு நின்றுவிடுவதையும் அறிந்திருக்கிறது. அயற்கிராமத்துச் சிங்கள மொழியும் அதன் காதில் விழுகிறது. பாடம் இங்கிருந்து தொடங்கலாமல்லவா?

ஓர் எடுத்துக்காட்டு. தாய் காலையில் 7 கிலோவும் பகலில் 6 கிலோவும் மாலையில் 5 கிலோவும் கொழுந்து எடுத்தாள் என்போம். சாக்குக்கும் ஈரத்துக்குமாக 2 கிலோ கழித்தார்கள். மூன்றாந் தரப் பிள்ளைகள் கூட்டிக் கழித்து 16 கிலோ என்று காணட்டும். நாளொன்றுக்கு இவ்வாறானால் ஆறு நாளைக்கு எவ்வளவு என்று நாலாந் தரத்தார் பெருக்கி 96 கிலோ எனச் சொல்லட்டும். ஐந்தாந் தரத்தார் ஒரு வாரத்து நிறைகளை வீட்டில் கேட்டுவந்து வரைபாக வரையட்டும்; மழை நாளில் கொழுந்தின் நிறை ஏன் கூடுகிறது என்று ஆராயட்டும். ஒரே பொருள், மூன்று தரங்களுக்கும் வேலை உண்டு. ஒரு குழு வேலை செய்கையில் ஆசிரியர் மற்றக் குழுவோடு அமரலாம். இக்கணக்கைக் கற்ற பிள்ளை நாளை தன் தாயின் நிறுவைத் துண்டைத் தானே சரிபார்க்கும்.

3. பிற இடத்து அனுபவங்கள்

தமிழ்நாட்டில் 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பிள்ளைகளுக்காக உருவான முறையே அதற்கு வழிகாட்டியது. 2007 இல் அது மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. பாடங்கள் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறியது. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைகள் அமைந்தன. ஆசிரியர் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார். பல வகுப்பினர் ஒன்றாக இருப்பது அங்கே குறையாகக் கொள்ளப்படவில்லை. ஆயினும் அட்டை ஒருபோதும் ஆசிரியராகிவிடாது. பிள்ளையோடு பேசுவோர் இல்லாவிடில், அட்டையும் வேறொரு கரும்பலகையே.

இத்தாலியில் பார்பியானா என்னும் மலைக்கிராமத்துக்கு 1954 இல் அனுப்பப்பட்ட குருவானவர் லொரென்சோ மிலானி, பள்ளியில் தவறிய ஏழைக் குடியானவர் பிள்ளைகளைச் சேர்த்துக் கற்பித்தார். பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குக் கற்பித்தனர். பின்தங்கிய பிள்ளைக்கே அங்கு முதலிடம். அவனுக்கு விளங்கும்வரை மற்றவர்கள் பொறுத்திருந்தனர். ஏழைகளைத் தள்ளிவிடும் பள்ளிகளைக் குறித்து அம்மாணவர் எண்மர் சேர்ந்து ஆசிரியை ஒருவருக்கு எழுதிய கடிதம் 1967 இல் நூலாக வெளிவந்தது. அங்கே செலவு மிக்க கருவிகள் எவையும் இருக்கவில்லை.

4. இரண்டு ஐயங்கள்

"வகுப்பு இரையுமே?" என்பர் சிலர். இரையும், ஆனால் வேலை செய்யும் இரைச்சலுக்கும் வீண் கூச்சலுக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் அறிவார். "புலமைப்பரிசில் பரீட்சைக்கு நேரம் போதுமா?" என்பர் வேறு சிலர். விளங்கிக் கற்றதைத் திரும்பத் திரும்பப் படிப்பிக்க வேண்டியதில்லை. எல்லாப் பாடத்தையும் ஒரேயடியாக மாற்றவும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு பாடத்தை இவ்வாறு நடத்திப் பார்த்தால் போதும்.

5. பெற்றோருக்கு

பெற்றோரே, கொப்பி நிறைய எழுத்து இல்லையென்று வருந்தாதீர்கள். "இன்றைக்கு என்ன படித்தாய்? எனக்கும் சொல்லித் தா" என்று கேளுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத தாயும் இதைக் கேட்கலாம். பிள்ளைக்குச் சொல்லித் தர முடிந்தால் பாடம் விளங்கியிருக்கிறது. முடியாவிட்டால் மறுநாளே ஆசிரியரிடம் சொல்லுங்கள். பேசாத பிள்ளைக்காகப் பேச வேண்டியவர்கள் முதலில் நீங்களே.

சிந்தனைக்கு

அ. சென்ற வாரம் உங்கள் வகுப்பில் ஒருமுறையேனும் வாய் திறவாத பிள்ளைகள் எவர்?

ஆ. தோட்டத்து வேலையிலிருந்து எந்தெந்தப் பாடங்களைத் தொடங்கலாம்?

இ. வீட்டில் பிள்ளையின் பேச்சைக் கேட்க நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோம்?