புதிய அலகும் பழகாத காலும்

நம் நாட்டில் பனி பெய்வதில்லை. ஆயினும், பனிக்கட்டித் தளத்தில் சறுக்கி ஆடும் கலையை நம் பிள்ளைகளும் கற்று வருகின்றனர். முன்னாளில் ஈயம் தோண்டிய நிலத்தில் எழுந்த பண்டார் சன்வேயில், சன்வே பிரமிட் பேரங்காடியினுள் அத்தகைய தளம் ஒன்று உண்டு. கிள்ளானிலிருந்து வருவோரும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வருவோரும் கொமுட்டர் இரயிலில் ஏறி, செத்தியா ஜெயா நிலையத்தில் இறங்கி, விரைவுப் பேருந்து மூலம் அங்குச் சேரலாம்.

கோலாலம்பூரில் பிறந்த ஜூலியன் யீ சிறு வயதில் அத்தளத்தில் பழகியவரே. 2017ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனியில் ஆறாம் இடம் பெற்று, 2018ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவுக்கு இடம் தேடித் தந்தார். அங்கு முதற்சுற்றில் அவர் பெற்றது 25ஆம் இடம். அடுத்த சுற்றுக்குச் சென்றோரோ 24 பேர். வெப்ப நாட்டின் அங்காடித் தளத்தில் தொடங்கியவருக்கு அது சிறிய செய்தியன்று.

எம் பள்ளி மாணவி ஒருத்தியும் ஓராண்டாக வாடகைக் காலணி அணிந்து சறுக்கி வந்தாள். அவள் தந்தையார் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தில் புதிய காலணியும் அலகும் வாங்கித் தந்தார். முதல் நாளே ஏழெட்டு முறை விழுந்தாள். முன்பு எளிதாகச் செய்தவை யாவும் மறந்தாற்போல் ஆயின. “அப்பா, இந்தச் சப்பாத்து வேண்டாம், வாடகைச் சப்பாத்தே போதும்” என்று அழுதாள். பணமும் போயிற்று, பிள்ளையின் ஊக்கமும் போயிற்றே என்று பெற்றோர் கலங்கினர். இந்நிலை ஏன் வந்தது என்பதை நாம் ஆராய்வோம்.

காலணியின் அடியில் பொருத்தப்படும் எஃகுத் தகட்டையே அலகு என்கிறோம். அது கத்தியைப் போல ஒற்றைக் கூர் உடையதன்று. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலமுள்ள அதன் அடிப்பகுதியில் நெடுக ஒரு குழிவு ஓடுகின்றது. குழிவின் இருபுறமும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரு கூர் விளிம்புகள் நிற்கின்றன. குழிவு ஆழமாக ஆக, விளிம்பு பனியை இறுகக் கவ்வும். பலர் கால்பட்டுத் தேய்ந்த வாடகை அலகிலோ விளிம்பு மழுங்கியிருக்கும். அது பக்கவாட்டில் வழுக்கிச் செல்வதால், கால் கோணலாக இருந்தாலும் பிழை வெளியே தெரிவதில்லை. புதிதாகச் சாணை பிடித்த அலகு அப்பிழையை உடனே காட்டிவிடும். கால் சாய்ந்த பக்கமே உடலை இழுத்துச் செல்லும்.

அலகின் முன்முனையில் பற்கள் உள்ளன. குதிப்பதற்கும் சுழல்வதற்கும் அவை தேவை. தொடக்கநிலை மாணவர் முன்புறம் குனிந்தால் அப்பற்கள் பனியில் மாட்டி முகங்குப்புற விழச் செய்யும். மேலும், அலகு நீளவாட்டில் தொட்டிற்கட்டை போல் சற்றே வளைந்தது. ஒரு நேரத்தில் அதன் சிறு பகுதியே தளத்தைத் தொடுகின்றது. ஆகவே, அலகு மாறினால் உடலின் நிலைப்புள்ளியும் சிறிது மாறும்.

(பனி வழுக்குவது ஏன் என்று வினவும் மாணவருக்கு ஒரு சொல். உடல் எடையின் அழுத்தத்தால் பனி உருகுகின்றது என்று பழைய நூல்கள் கூறின. அவ்விளக்கம் போதாது. பனியின் மேற்பரப்பில் இயல்பாகவே நீர் போன்ற மெல்லிய படலம் உண்டு; உராய்வின் வெப்பமும் துணை செய்கின்றது.)

அம்மாணவியின் தந்தையார் இளமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவர் மகளிடம் கூறினார்: “மொட்டை உளிக்குப் பழகிய கை, தீட்டிய உளியையும் அப்படியே அழுத்தும். உளி கட்டையைத் தொட்டுவிடும், மரம் காயப்படும். அதற்காக உளியை மழுக்குவதா, கையை மாற்றுவதா?” மரம் சீவிய பெற்றோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. காயப்பட்ட இடத்தில் பட்டை மேடுபள்ளமாக வளர்வதை அவர்கள் கண்டிருக்கின்றனர்.

காலை மாற்றும் முறை யாது? முதல் சில நாள்கள் வேகத்தை மறத்தல் வேண்டும். முழங்காலை நன்கு மடக்கி, எடையைப் பாதத்தின் நடுவில் இருத்தி, தடுப்பின் ஓரமாக நடந்து பழகுக. பின்னர் இருகாலால் சறுக்குக. அடுத்து, கால்களை எலுமிச்சம்பழ வடிவில் விரித்துச் சேர்த்துச் செல்லுக. அதன்பின் ஒற்றைக்காலில் நேர்க்கோடு, பின் பெருவட்டம். நிறுத்தும்போது பழைய வலிமையுடன் அழுத்தினால் விளிம்பு கவ்வி ஆளைத் தூக்கியெறியும். மெல்லச் சுரண்டுதலே போதும். தாவல்கள் காத்திருக்கட்டும்.

எல்லாக் குறையும் பிள்ளையின் குறையன்று. பல நாள் பழகியும் ஒரே கால் ஒரே பக்கம் சாய்ந்தால், அலகு கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். முதலில் சில திருகாணிகளை மட்டும் முடுக்கி, சறுக்கிப் பார்த்தபின் மற்றவற்றை முடுக்குவது இதனாலேயே. சாணையும் பிழைக்கலாம். காலணியைத் தலைகீழாகப் பிடித்து, அலகின் குறுக்கே ஒரு 20 காசு நாணயத்தை வைத்துப் பாருங்கள். நாணயம் ஒருபுறம் சரிந்தால், ஒரு விளிம்பு மற்றதை விட உயர்ந்துள்ளது. மீண்டும் சாணை பிடிக்கச் சொல்லுங்கள்.

நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. எஃகு விரைவில் துருப்பிடிக்கும். தளத்தை விட்டு வந்தவுடன் அலகைத் துடைத்தல் வேண்டும். நெகிழி உறை நடப்பதற்கு மட்டுமே. அதனுள்ளேயே வைத்து மூடினால் ஈரம் தங்கும். வெறும் சிமெந்துத் தரையில் இரண்டடி நடந்தாலும் கூர் கெடும்.

ஐந்தாம் வாரம் அம்மாணவி இடக்காலில் ஒரு முழு வட்டம் சறுக்கினாள். வலக்கால் இன்னும் சற்றுத் தடுமாறுகின்றது. அலகைத் துடைக்கும் துணி மட்டும் இன்றும் தந்தையாரின் பையிலேயே இருக்கின்றது.