பள்ளி இயற்பியல் கட்டுரையில் தலைப்புத் தேர்வும் சான்று தேடலும்: கடலின் நீலநிறத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உயர்நிலைப் பள்ளி மாணவர் தமிழில் எழுதும் இயற்பியல் கட்டுரை அறிவியலாளரின் வாழ்க்கை வரலாறாகவோ பாடநூற் பகுதியின் சுருக்கமாகவோ அமைந்துவிடுவது உண்டு. தலைப்பு வினாவாக அமையாமையும் சான்றுகள் கால அடைவில் நிறுத்தப்படாமையும் இதற்குரிய முதன்மைக் காரணங்கள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். சர் சி.வி. இராமனின் ஒளிச்சிதறல் ஆய்வுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, தலைப்பைத் தேர்தல், சான்று தேடல், கலைச்சொல் ஆளுதல் ஆகிய மூன்று படிநிலைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. நன்னூற் பாயிரம் சுட்டும் நூற்குற்றங்கள் அளவுகோலாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: அறிவியல் தமிழ், கட்டுரைப் பயிற்சி, ஒளிச்சிதறல், இராமன் விளைவு, கலைச்சொல், நூற்குற்றம்.

முன்னுரை

1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தொடங்கிய கலைச்சொல் முயற்சி முதலாக, பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம் ஈறாக, தமிழில் அறிவியலைச் சொல்லும் ஆற்றலை வளர்த்தோர் பலர். அவ்வுழைப்பின் பயன் வகுப்பறையில் எங்ஙனம் வெளிப்படுகிறது என்பதற்குப் பள்ளி மாணவரின் கட்டுரை ஒரு சான்று. தமிழ்வழி மாணவர் ஓர் இயற்பியற் சிக்கலைத் தம் மொழியிலேயே வாதிட்டு நிறுவ இயலுமா என்பது அங்கேதான் முதன்முதலாகச் சோதிக்கப்படுகிறது. ஆகவே அது தமிழாய்வாளரின் கவனத்திற்கும் உரியது.

1. பெயர்த் தலைப்பும் வினாத் தலைப்பும்

‘சர் சி.வி. இராமன்’ என்பது பெயர்த் தலைப்பு. அதன்கீழ் எழுதப்புகும் மாணவர் 1888-இல் பிறந்தமை, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றமை, 1930-இல் நோபல் பரிசு பெற்றமை ஆகியவற்றை நிரல்படுத்துவார். இயற்பியல் ஈற்றுப் பத்தியில் ஓரிரு தொடர்களில் முடிந்துவிடும். கட்டுரையின் பொருள் இயற்பியலாக இருக்க, விரிவது வாழ்க்கை வரலாறு. நன்னூல் குறிக்கும் ‘மற்றொன்று விரித்தல்’ என்னும் குற்றம் இதுவே. ‘ஒளி’ போன்ற பரந்த தலைப்போ இதற்கு எதிர்நிலையில் நின்று, எதனையும் முழுமையாகச் சொல்லவிடாது ‘குன்றக் கூறல்’ ஆகிறது.

‘கடல் நீலமாகத் தோன்றுவது ஏன்?’ என்பது வினாத் தலைப்பு. இதற்கு மூன்று தகுதிகள் உண்டு. முதலாவது, மாணவர் கண்ணால் கண்ட பொருளைப் பற்றியது. இரண்டாவது, பத்தாம் வகுப்பு ஒளியியற் பாடத்தில் வரும் சிதறல் வகைகளைக் கொண்டே தொடங்கத்தக்கது. மூன்றாவது, இதற்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன. விடைகள் மாறியுள்ள இடத்தில்தான் மாணவர் சான்றுகளை ஒப்பிட்டு முடிவு காண வேண்டிய தேவை எழுகிறது. ஒரே விடையை எல்லா நூல்களும் ஒருபடியாகச் சொல்லும் தலைப்பில் படியெடுத்தலுக்கே இடமுண்டு.

2. சான்றுகளைக் கால அடைவில் நிறுத்தல்

மேற்காட்டிய வினாவுக்குரிய சான்றுகள் நான்கு அடுக்குகளாக அமைகின்றன.

முதல் அடுக்கு வானத்தைப் பற்றியது. பின்னாளில் இராலே பிரபு எனப்பட்ட ஆங்கில இயற்பியலர், 1871-இல் மிகச்சிறு துகள்களால் ஏற்படும் ஒளிச்சிதறலைக் கணித முறையில் விளக்கினார். 1899-இல் காற்று மூலக்கூறுகளே அச்சிதறலுக்குப் போதுமானவை என்று காட்டினார். கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பே என்பது அவர் கருத்து.

இரண்டாம் அடுக்கு 1921-ஆம் ஆண்டிற்குரியது. இங்கிலாந்து சென்று நர்குண்டா என்னும் கப்பலில் திரும்பிய இராமன், நிக்கல் பட்டகத்தின் வழியாக நடுநிலக் கடலை நோக்கினார். நீரின் மேற்பரப்பில் செங்குத்துக்கோட்டுக்கு ஏறத்தாழ 53 பாகைக் கோணத்தில் எதிரொளிக்கும் ஒளி தளவிளைவு உற்றிருக்கும். பட்டகத்தை உரிய நிலையில் திருப்பினால் அது தடுக்கப்படும். எதிரொளிப்பை அவ்வாறு நீக்கிய பின்னும் கடலின் நீலம் மறையவில்லை. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்னும் முடிவை அவர் அவ்வாண்டே நேச்சர் இதழில் வெளியிட்டார்.

மூன்றாம் அடுக்கு 1928-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு. இராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் நடத்திய சோதனைகளில், நீர்மங்கள் சிதறடித்த ஒளியில் படுகதிரினின்றும் வேறுபட்ட அதிர்வெண் கொண்ட மங்கலான ஒளியும் இருப்பது புலப்பட்டது. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுவது இதன் நினைவாகவே. அதே ஆண்டில் மாஸ்கோவில் லாண்ட்சுபெர்க், மாண்டெல்சுடாம் இருவரும் படிகங்களில் இவ்விளைவைக் கண்டனர்.

நான்காம் அடுக்கு இன்றைய அறிவு. தூய நீரின் நீலத்துக்கு முதன்மைக் காரணம், நீர் மூலக்கூறுகளின் அதிர்வுகள் செந்நிற ஒளியைச் சிறிதளவு உட்கவர்தல் ஆகும். ஒளி நீரில் செல்லும் தொலைவு மிகுதோறும் செந்நிறம் குறைந்து நீலம் எஞ்சுகிறது. எஞ்சிய ஒளியைக் கண்ணுக்கு மீட்டுத் தருவதில் சிதறலுக்குப் பங்குண்டு. கன நீரில் இவ்வுட்கவர்தல் அகச்சிவப்புப் பகுதிக்கு நகர்ந்துவிடுவதால் அது நிறமற்றுத் தோன்றுவது இதற்கு வலுவான சான்று.

இவ்வடுக்குகளைப் பிரித்தறியாத நிலையில், ‘கடலின் நீலத்துக்கு இராமன் விளைவே காரணம்’ என்னும் தொடர் பிறக்கிறது. இது பிழை. 1921-இல் ஆராயப்பட்டது அதிர்வெண் மாறாத சிதறல். இராமன் விளைவு அதிர்வெண் மாறும் சிதறல், அதன் செறிவும் மிகக் குறைவு. முன்னது பின்னதன் ஆராய்ச்சிக்கு வழி திறந்தது என்பதே வரலாறு. இராமனின் 1921-ஆம் ஆண்டு விளக்கமும் இன்று முழுவிடையாகக் கொள்ளப்படுவதில்லை. இதனை எழுதுவதால் அவர் பெருமை குன்றாது. எதிரொளிப்பே காரணம் என்னும் கருத்தைச் சோதனையால் மறுத்தது அவர் ஆய்வின் நிலைத்த பயன். அதனை மாணவர் உணர்வதே கட்டுரையின் வெற்றி.

3. கலைச்சொல் தேடல்

தமிழில் சான்று தேடும் மாணவர் ஒரே கருத்துக்குப் பல சொற்களை எதிர்கொள்கிறார். பழைய நூல்களில் ‘பௌதிகம்’ எனத் தேடாமல் ‘இயற்பியல்’ என்று மட்டும் தேடுவோர்க்குப் பல பக்கங்கள் அகப்படா. தமிழ்நாட்டு வழக்கில் அதிர்வெண், எதிரொளிப்பு, ஒளிவிலகல் எனப்படுவன இலங்கைப் பாடநூல்களில் முறையே மீடிறன், தெறிப்பு, முறிவு என வழங்குகின்றன. இருவகை நூல்களையும் பயன்படுத்துவது நன்று. ஆயின் ஒரே கட்டுரையில் இருவகைச் சொற்களையும் விளக்கமின்றிக் கலந்தால் அது ‘மயங்க வைத்தல்’ ஆகும்.

பொதுவழக்குச் சொல்லால் நேரும் மயக்கம் இதனினும் நுட்பமானது. வானவில்லுக்குரிய நிறப்பிரிகையும் வானின் நீலத்துக்குரிய சிதறலும் ‘ஒளி சிதறுகிறது’ என்னும் ஒரே தொடரில் அடங்கிவிடுகின்றன. முன்னதில் அலைநீளத்துக்கு ஏற்ப ஒளி வெவ்வேறு கோணங்களில் விலகுகிறது. பின்னதில் துகள்கள் ஒளியைப் பல திசைகளிலும் பரப்புகின்றன. எழுதத் தொடங்குமுன் தாம் ஆளும் பத்துப் பதினைந்து கலைச்சொற்களுக்கு மாணவர் தம் சொற்களில் வரையறை எழுதிக்கொள்வது இம்மயக்கத்தைத் தவிர்க்கும்.

4. கணக்கும் எளிய சோதனையும்

இராலே விதிப்படி சிதறலின் செறிவு அலைநீளத்தின் நான்காம் அடுக்கிற்கு எதிர்விகிதத்தில் அமையும். 700 நானோமீட்டர் செந்நிற ஒளியையும் 400 நானோமீட்டர் ஊதா ஒளியையும் ஒப்பிட்டால் அலைநீளங்களின் விகிதம் 1.75, அதன் நான்காம் அடுக்கு ஏறத்தாழ 9.4. அங்ஙனமாயின் வானம் ஊதாவாகத் தோன்றாதது ஏன் என்னும் துணைவினா இக்கணக்கிலிருந்தே எழுகிறது. கதிரவன் ஒளியில் ஊதாவின் பங்கு குறைவு என்பதும், மனிதக் கண் ஊதாவை மிகுதியாக உணர்வதில்லை என்பதும் அதற்குரிய விடைகள். கணக்கைத் தாமே செய்த மாணவர்க்கே இத்துணைவினா தோன்றும்.

கண்ணாடிக் குவளை நீரில் சில துளி பால் விட்டுக் கைவிளக்கின் ஒளியைச் செலுத்தினால், பக்கவாட்டில் மெல்லிய நீலமும் ஒளி வெளியேறும் முனையில் செம்மஞ்சளும் தோன்றும். இச்சோதனை வானின் நிறத்துக்கும் மாலைச் செம்மைக்கும் ஒப்புமை காட்டுவது. கடலின் நிறத்துக்கோ இராமன் விளைவுக்கோ சான்றாகாது. ஒரு சோதனை எதனை நிறுவுகிறது, எதனை நிறுவவில்லை என்று வரையறுத்து எழுதுவது ஆய்வெழுத்தின் முதற்பயிற்சியாகும்.

தொகுப்புரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. பள்ளி இயற்பியல் கட்டுரைக்குப் பெயர்த் தலைப்பினும் வினாத் தலைப்பே பொருந்தும். விடைகள் காலந்தோறும் மாறிவந்த வினா மேலும் சிறப்புடையது.

2. சான்றுகளைக் கால அடைவில் நிறுத்துவதால், 1871, 1921, 1928 ஆகிய ஆண்டுகளின் ஆய்வுகளையும் இன்றைய விளக்கத்தையும் ஒன்றாகக் கலக்கும் பிழை நீங்கும்.

3. தமிழ்க் கலைச்சொற்களின் வேறுபட்ட வழக்குகளை அறிதல் தேடலுக்கும், அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து சீராக ஆளுதல் எழுத்துக்கும் இன்றியமையாதன.

4. நன்னூல் தொகுத்த நூற்குற்றங்கள் அறிவியற் கட்டுரையை மதிப்பிடவும் பயன்படுகின்றன. மொழியாசிரியரும் அறிவியலாசிரியரும் ஒரே கட்டுரையை இணைந்து திருத்தும் முறை பள்ளிகளில் ஏற்படின், அறிவியல் தமிழ் மாணவர் கையிலேயே வளர வழி பிறக்கும்.