மூலநிரல் மூடியிருக்கிறதா? பிழையைச் சொல்ல வழி உண்டு

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கம் பொதுச் சேவை மையங்களில் ஏதாவது மென்பொருள் அடிக்கடி நின்றுபோனால், சரிசெய்து தர ஊர்ப் பிள்ளைகளே முன்வருவார்கள். கை வைக்கும் முன் உரிம விதிகளைப் படியுங்கள். மூலநிரல் மூடியிருந்தால், பிழையைத் துல்லியமாகச் சொல்வதே நம் வேலை. பதிப்பு எண், எந்தப் பொத்தானை அழுத்தியபின் நின்றது, மறுபடி செய்தாலும் நிற்கிறதா என்றெல்லாம் எழுதி, ஸ்கிரீன்ஷாட்டோடு தயாரித்தவர்களுக்கு அனுப்புங்கள். படத்தில் ஆதார் எண், பெயர் தெரியவே கூடாது.

முறைப்படி பெற்ற மென்பொருளைப் பயன்படுத்தும்போதே அதன் இயக்கத்தைக் கவனித்துச் சோதிக்க 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. அடுத்தவர் சர்வருக்குள் அனுமதியின்றி நுழைவதை 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்காது. பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் வாட்ஸ்அப்பில் பரப்பாமல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ‘செர்ட்-இன்’னுக்கு எழுதுங்கள்.

ஆரோக்கிய சேது செயலியின் ஆண்ட்ராய்டு மூலநிரலை மத்திய அரசு 2020 மே 26 அன்று வெளியிட்டு, பிழை கண்டுபிடிப்போருக்குப் பரிசும் அறிவித்தது. வரிப்பணத்தில் உருவாகும் எல்லா மென்பொருளுக்கும் இதையே நாம் கேட்க வேண்டும், தயங்க ஒன்றுமில்லை.

நிரலையே திருத்திப் பழக விரும்புவோர் லிப்ரேஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் தொடங்கலாம். அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.