எலும்பை ஊர் சேர்ப்பது: கல்லமேட்டுக்குப் போகும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

மழை ஓய்ந்ததும் அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் டைனோசர் எலும்பு தேடப் போவதாகவும், என்ன சுத்தியல் வாங்குவது என்றும் கேட்டிருந்தாய். சுத்தியல் எதுவானாலும் பரவாயில்லை. முதலில் சாக்குக்கும் பிளாஸ்டர் மாவுக்கும் வண்டிக்கும் வழி பண்ணு. நம் தொழிலில் தோண்டத் தெரிந்தவர்கள் நிறைய உண்டு. தோண்டியதை முழுசாகக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள்தான் குறைவு.

அந்தக் காலத்தில் புலி வேட்டைக்குப் போன துரைமார்களுக்கு இது தெரிந்திருந்தது. காட்டிலேயே தோலை உரித்து உப்புத் தடவி உலர்த்தினால்தான் அது விலங்குகளைப் பாடம் செய்த மைசூர் வான் இங்கன் பட்டறைக்கு உருப்படியாகப் போய்ச் சேரும். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. நீ தேடிப் போகும் விலங்கு செத்து ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் மண்ணைவிட்டு வெளியே வந்த நேரத்திலிருந்து அதுவும் கெடத் தொடங்கிவிடும்.

கல்லமேட்டில் நடந்தது அதுதான். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, கால் எலும்பு, வால் முள்ளெலும்பு என்று ஒரு பெரும் விலங்கின் எச்சங்களைக் கண்டெடுத்து, பிருஹத்காயோசாரஸ் மாட்லேயி என்று பெயரிட்டார்கள். கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். 2023-இல் வந்த ஒரு கணிப்பு, அந்த விலங்கு 110 டன்னுக்கும் மேல் இருந்திருக்கலாம் என்கிறது. ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரம் ஊறிய மண்ணில் கிடந்து நொய்ந்து போயிருந்தவை, மாவுக்கட்டுக்குள்ளேயே உதிர்ந்துவிட்டன. அவை இல்லாமல் போன செய்தி 2017-இல்தான் அச்சில் வந்தது. வேலை தெரியாதவர்கள் இல்லை அவர்கள், மண் அப்படி. அதனால்தான் உனக்கு இவ்வளவு எழுதுகிறேன்.

அந்த மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். எலும்பு அதோடு சேர்ந்து விரியும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் தோண்டாதே. வெளிப்பட்ட எலும்பை வெயிலில் காயவிடாதே. மேலே துணிப் பந்தல் போட்டு நிழலில் மெதுவாக உலரவிடு. உலர்ந்த பிறகு, அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 பசையைத் தூரிகையால் ஊட்டு. ஈரத்தோடு பூசினால் மேலே வெள்ளை படரும், உள்ளே இறங்காது. அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் மரப்பசையைப் பூசாதே. பின்னால் அதைச் சுத்தமாக எடுப்பது பெரும்பாடு.

பிறகு கட்டு. எலும்பைச் சுற்றிப் பள்ளம் பறித்து, அடியில் காளான் தண்டு போல மண்ணை விட்டுவை. எலும்பின் மேல் நனைத்த காகிதத்தை ஒட்டு. இல்லாவிட்டால் மாவு எலும்பைப் பிடித்துக்கொள்ளும். அதற்குமேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலில் முக்கிய சாக்குப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்று. நீள எலும்பென்றால் சவுக்குக் கம்புகளையும் வைத்துக் கட்டு. மாவு கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லாதே. 1876-இல் அமெரிக்காவின் மொன்டானாவில் டைனோசர் எலும்பு தேடிய கோப்பும் ஸ்டெர்ன்பெர்க்கும் அரிசியைக் குழையக் காய்ச்சி, அந்தக் கஞ்சியில் துணியை முக்கித்தான் எலும்பைச் சுற்றினார்கள். பிளாஸ்டருக்கு மூலமான ஜிப்சமோ உன் காலடியிலேயே, பெரம்பலூர் காரைக் களிமண்ணில் பாளம் பாளமாகக் கிடக்கிறது.

அதிக ஆபத்து புரட்டும்போதுதான். எண்ணும் தேதியும் வடதிசைக் குறியும் மேல்பக்கம் எது என்பதும் கட்டின் மேல் எழுதிய பிறகே புரட்டு. தூக்க முடியாத கனமென்றால் புதிதாக உடைக்காதே. இருக்கிற விரிசலிலேயே பிரித்து, இரு ஓரங்களிலும் ஒரே எண்ணைப் போடு. வண்டியில் வைக்கோலை நெருக்கமாகத் திணித்து, கட்டு அசையாதபடி வை. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடிக் குழியான அரியலூர் ரோட்டில் எலும்பை நொறுக்குவது அந்தச் சிறு ஆட்டம்தான்.

இத்தனைக்கும் முன்னால், எலும்பு மண்ணில் கிடக்கும்போதே, அளவுகோல் வைத்து எல்லாப் பக்கமும் படம் எடு. எந்த அடுக்கு, எத்தனை ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது என்று குறித்துவை. பிருஹத்காயோசாரஸை முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு நெடுங்கழுத்து இலையுண்ணி என்றார்கள். முதல் கட்டுரையில் இருந்த படங்கள் போதாமல், அது எலும்புதானா, கல்லாகிப்போன மரமா என்றுகூடச் சிலர் கேட்டார்கள். 2022-இல் பழைய களப் படங்கள் வெளியான பிறகுதான் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல ஏதோ கிடைத்தது. எலும்பு போனாலும் படம் நின்றது.

கல்மரம் என்றதும் சாத்தனூர் நினைவுக்கு வருகிறது. 1940-இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த அந்த அடிமரம் 18 மீட்டருக்கும் மேல் நீளம். அதை யாரும் எங்கும் கொண்டுபோகவில்லை. ஓடைக்கரையிலேயே விட்டு, வேலி போட்டு, தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். வண்டியில் ஏற்றுவது மட்டுமே காப்பாற்றும் வழி அல்ல. உன்னிடம் ஆளும் மாவும் இடமும் இல்லையென்றால், இடத்தைக் குறித்துக்கொண்டு எலும்பின் மேல் மறுபடி மண்ணைப் போட்டு மூடிவிட்டு வா. ஏழு கோடி ஆண்டு காத்திருந்தது, அடுத்த தை வரை காத்திருக்கும்.

எடுப்பதற்கு நில உரிமையாளரிடமும் உரிய துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்கு. ஊர் சேர்ப்பது என்றால் உன் வீட்டு ஷோகேஸில் சேர்ப்பது அல்ல. பதிவேட்டில் எண் விழுந்து, யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுகிற ஓர் அலமாரியில் சேர்ப்பது. 2020-இல் குன்னம் பக்கம் கிடைத்த உருண்டைகளை டைனோசர் முட்டை என்று ஊரே பேசியது. அம்மோனைட் என்ற பழங்கடல் உயிரியை உள்ளே வைத்து இறுகிய கல் உருண்டைகள் என்று நிபுணர்கள் திருத்த முடிந்ததற்குக் காரணம், பார்க்கப் பொருள் கையில் இருந்தது. நீ சொல்வதும் நாளைக்குத் தப்பாகலாம். அப்படி உன்னை மறுக்க வருகிறவர் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவு பக்குவமாகக் கட்டுகிறோம்.

அன்புடன்,
உன் அண்ணன்