கையெழுத்துப் போடும் முன்பு

அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, அக்கா, தம்பி மூவரும் இருக்கிறார்கள். தம்பி ஒரு பத்திரத்தைக் கொண்டு வருகிறான்.

“அக்கா, ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன். இதில் கையெழுத்துப் போடு.”

அது விடுதலைப் பத்திரம். கையெழுத்துப் போட்டால் அக்காவின் பங்கு தம்பிக்குப் போய்விடும். ஒரு லட்சம் சரியான தொகையா? வீட்டின் மதிப்பு தெரியாமல் எப்படிச் சொல்ல முடியும்?

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இப்படிப்பட்ட வீட்டில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிருடன் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. மகளுக்குத் திருமணம் ஆகிவிட்டது, சீர் செய்தாகிவிட்டது என்று சொல்லிப் பங்கைக் குறைக்க முடியாது.

வீட்டை மதிப்புப் போடுவதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மதிப்பீட்டாளர் என்கிறோம். பலர் கட்டடப் பொறியாளர்கள். வங்கிக்காரர்களும் வீட்டுக் கடன் கொடுக்கும் முன்பு இவர்களைத்தான் அனுப்புகிறார்கள். கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். ரசீது வாங்குங்கள்.

மதிப்பீட்டாளர் வந்தால் பத்திரம், வீட்டு வரி ரசீது, வில்லங்கச் சான்று ஆகியவற்றைக் காட்டுங்கள். அவர் நாடா பிடித்து அளப்பார். நான்கு எல்லைகளையும் பார்ப்பார். ஓடா, கான்கிரீட்டா, சுவரில் விரிசல் உண்டா, மழையில் ஒழுகுமா, முன்னால் உள்ள சாலை எத்தனை அடி என்றெல்லாம் குறித்துக்கொள்வார். புதிதாக வெள்ளை அடித்தால் மதிப்பு ஏறிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர் சுண்ணாம்பைப் பார்க்க வரவில்லை!

மனைக்குத் தனி மதிப்பு, கட்டடத்துக்குத் தனி மதிப்பு. மனையின் விலை பெரும்பாலும் ஏறும். கட்டடம் பழசாகப் பழசாகக் குறையும். இதைத் தேய்மானம் என்பார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம்.

மனை 1,200 சதுர அடி. அடி 800 ரூபாய். மனையின் மதிப்பு 9,60,000 ரூபாய்.

கட்டடம் 500 சதுர அடி. இன்று புதிதாகக் கட்ட அடிக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,00,000 ரூபாய். வீட்டுக்கு வயது 20. தேய்மானம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் என்றால், 20 ஆண்டுக்கு நூற்றுக்கு 30 ரூபாய். அதாவது 1,80,000 ரூபாய் கழியும். மீதி 4,20,000 ரூபாய்.

இரண்டையும் கூட்டினால் 13,80,000 ரூபாய். மூன்று பங்காக்கினால் ஒரு பங்கு 4,60,000 ரூபாய்.

தம்பி தருவதாகச் சொன்னது எவ்வளவு?

பதிவு அலுவலகத்திலும் ஒரு மதிப்பு உண்டு. தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு என்பார்கள். டில்லியில் சர்க்கிள் ரேட். மும்பையில் ரெடி ரெக்னர். முத்திரைத் தீர்வை வாங்குவதற்காக அரசு வைத்த மதிப்பு இது. ஊரில் விற்கும் விலை இதற்கு மேலும் இருக்கலாம், கீழும் இருக்கலாம். ஆகவே இதை மட்டும் காட்டிப் பங்கு பிரித்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பக்கத்து மனை சமீபத்தில் என்ன விலைக்குப் போனது என்று நீங்களும் விசாரியுங்கள்.

மதிப்பீட்டு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அளவு, தேதி, தொகை மூன்றையும் நீங்களே தேடிப் படியுங்கள். எண்களைப் படிக்க ஆங்கிலம் வேண்டாம். மற்றதை நம்பிக்கையான ஒருவரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பயிற்சி
1. அதே வீட்டுக்கு வயது 40 என்றால் கட்டடத்தின் மதிப்பு என்ன?
2. பாட்டியும் உயிருடன் இருந்தால் 13,80,000 ரூபாயில் ஒருவர் பங்கு எவ்வளவு?
3. எழுதிப் பழகுங்கள்: மதிப்பீட்டாளர், தேய்மானம், வில்லங்கச் சான்று, விடுதலைப் பத்திரம்.