உழவு இயந்திரத்தின் ஹைட்ரோலிக்கிற்கு எந்தக் குழாய்?

ஊவாவில் உழவு இயந்திரம் வைத்திருப்பவர்களில் பலர் இன்று ஹைட்ரோலிக் வேலையை ஊர் கராஜிலேயே செய்வித்துக்கொள்கிறார்கள். மஹியங்கனைப் பக்கம் வயல்காரர்கள் சாதாரண ட்ரெய்லரை டிப்பராக்குகிறார்கள். பசறை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் கொழுந்தும் பசளையும் விறகும் இழுக்கும் பழைய மெஸி பேர்குஸன்களுக்குப் புதிய லைன் போடுகிறார்கள். 2022 மார்ச்சில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதன் பின்னர், கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து அசல் உதிரிப்பாகம் எடுப்பது பலருக்கும் கைக்கெட்டாத காரியமாகிவிட்டது. எனவே கையில் கிடைத்த குழாயை வளைத்துப் பூட்டும் பழக்கம் கூடியிருக்கிறது.

பதுளையில் நான் இரும்புச் சாமான் கடை நடத்துகிறேன். பின்னால் சிறு வேலைத்தலமும் உண்டு. குழாய்த் துண்டொன்றைக் கொண்டுவந்து, "நானா, இது தாங்குமா?" என்று கேட்பவர்கள் அநேகம். கையில் வைத்துப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது என்பதே எனது முதல் பதில். தண்ணீர்க் குழாயில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 40, 50 இறாத்தல். உழவு இயந்திர ஹைட்ரோலிக்கில் அது 2,000 முதல் 3,000 வரை போகும். ஆகவே இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது.

கணக்கு மிக இலகுவானது. உலோகத்தின் இழுவை வலிமையை இரண்டால் பெருக்கி, அதைக் குழாய்ச் சுவரின் தடிப்பால் பெருக்கி, வெளி விட்டத்தால் பிரித்தால் வெடிக்கும் அமுக்கம் வரும். அதை நான்கால் பிரித்தால் வருவதே நம்பிப் பாவிக்கக்கூடிய அளவு. அரை அங்குல வெளி விட்டமுள்ள சீம்லெஸ் உருக்குக் குழாயை எடுத்துக்கொள்வோம். அதன் வலிமை 45,000 இறாத்தல், சுவர் 0.065 அங்குலம். வெடிக்கும் அளவு 11,700, பாவிக்கும் அளவு 2,925. அதே குழாயின் சுவர் 0.049 ஆனால் பாவிக்கும் அளவு 2,205 ஆகக் குறைகிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்! வேனியர் கலிப்பர் இல்லாமல் குழாய் விற்பவரை நான் வியாபாரி என்று சொல்லமாட்டேன்.

செம்புக் குழாயைக் கேட்டு வருபவர்களே அதிகம், ஏனெனில் அது கையாலேயே வளையும். குளிர்சாதனப் பெட்டிக்குப் போடும் அரை அங்குலச் செம்பின் சுவர் 0.032, மிருதுவான செம்பின் வலிமை சுமார் 30,000. பாவிக்கும் அளவு வெறும் 960 தான். அதோடு, அதிர்வில் செம்பு நாளாக நாளாக இறுகி, பூட்டின் ஓரத்தில் வெடிப்பு விடும். பதுளையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் பாதையில் ட்ரெய்லர் எப்படி ஆடும் என்பது தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஜீ.ஐ. பைப் விடயம் வேறு. அதன் சுவர் உண்மையில் தடிப்பானது, அதனால்தான் ஏமாற்றுகிறது. அரை அங்குல ஜீ.ஐ. பைப்பின் சுவர் சுமார் 2.6 மில்லிமீற்றர். அதில் புரி வெட்டும்போது ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் போய்விடுகிறது, அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவு. பூட்டும் எல்போவும் டீயும் தண்ணீருக்காக வார்க்கப்பட்டவை. உள்ளேயுள்ள நாகப் பூச்சு உரிந்து எண்ணெயோடு பம்புக்குப் போகும். மெஸி 135 போன்றவற்றில் பம்ப் பின்பகுதி எண்ணெய்க்குள்ளேயே இருப்பதால், அந்தக் குப்பை கியர் எண்ணெயிலும் கலந்துவிடும். குழாயில் மிச்சம் பிடித்த காசு பம்பில் போய்விடும்.

அடுத்தது பூட்டு. பிரித்தானிய பி.எஸ்.பி. புரியும் அமெரிக்க என்.பி.டி. புரியும் அரை அங்குலத்தில் இரண்டுமே அங்குலத்துக்கு 14 புரிகள்தாம். ஆனால் ஒன்றின் கோணம் 55 பாகை, மற்றதினது 60. ஒன்றுக்குள் ஒன்று ஏறும், ஆனால் அடைக்காது. டேப் சுற்றி முறுக்கினால் அன்றைக்குத் தாங்கும். ஃப்ளேரிங் விடயமும் இப்படித்தான். ஏ.சி. திருத்துபவர்களிடமுள்ள கருவி 45 பாகை, ஹைட்ரோலிக் ஜே.ஐ.சி. பூட்டு 37 பாகை. இரவல் கருவியால் விரித்தால் ஓரத்தில் ஒரு கோட்டில் மட்டுமே அது படியும்.

வளைப்பதற்கு வளைக்கும் கருவியே வேண்டும். வளைவின் ஆரை குழாய் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. காஸ் வைத்துச் சூடாக்கினால் உள்ளே கருகிய செதில் உரியும். இரண்டு அசையாத இடங்களை நேர்க்குழாயால் இணைக்கவும் கூடாது, ஒரு வளைவாவது இருக்கவேண்டும். அசையும் இடத்துக்கு, முக்கியமாக உழவு இயந்திரத்துக்கும் ட்ரெய்லருக்கும் இடையில், இரட்டைக் கம்பி வலையுள்ள ஹைட்ரோலிக் ஹோஸ்தான். அதன் முனையை இயந்திரத்தால் அழுத்திப் பூட்டவேண்டும். ரேடியேட்டர் கிளிப் போட்ட ஹோஸை நான் கடைக்குள் எடுப்பதே இல்லை. குழாயை வெட்டியபின் உள்ளே டீசலால் கழுவி, காற்றடித்து, துணி இழுத்துத்தான் பூட்டவேண்டும்.

கசிவு வந்தால் கையால் தடவிப் பார்க்காதீர்கள். இதைப் பல தடவை சொல்லியும் கேட்காதவர்கள் உண்டு. ஊசித் துவாரத்தால் வரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எனக்குத் தெரிந்த ட்ரைவர் ஒருவருக்குப் பெருவிரலில் குண்டூசி குத்தியது போல ஒரு புள்ளிதான். வலியும் இல்லை, எனவே வேலையைத் தொடர்ந்தார். மறுநாள் கை முழங்கை வரை வீங்கி, விரலில் பாதியை எடுக்கவேண்டியதாயிற்று. கசிவைத் தேட ஒரு கார்ட்போர்ட் துண்டு போதும். எண்ணெய் தோலுக்குள் போனதென்று சந்தேகித்தால், மருந்து தடவிக்கொண்டிருக்காமல் அதே மணித்தியாலத்தில் பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போய், "ஹைட்ரோலிக் எண்ணெய் உள்ளே போய்விட்டது" என்று அந்தச் சொற்களாலேயே சொல்லுங்கள். இதற்கு சத்திரசிகிச்சையே வழி, ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம்.

தூக்கிய பெட்டியின் கீழே போகுமுன் இரும்பு முட்டுக் கொடுக்கவேண்டும். எண்ணெய் அமுக்கத்தை நம்பி எவரும் படுக்கக்கூடாது. சாய்ந்த தரையில் பெட்டியைத் தூக்கினால் பாரம் ஒரு பக்கம் சரிந்து புரளும், நமது மலைப்பகுதியில் சமதரை கிடைப்பதே அரிது.

இத்தொழிலில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா அளவும் வைக்கத் தேவையில்லை. 10, 12 மில்லிமீற்றர் சீம்லெஸ் குழாய், அவற்றின் பூட்டுகள், ஒரு நல்ல வளைக்கும் கருவி, 37 பாகை ஃப்ளேரிங் கருவி ஆகியன இருந்தால் ஆரம்பிக்கலாம். பழைய இரும்புக்கடையில் எடுத்த, எதற்குப் பாவித்ததென்று தெரியாத குழாயை ஹைட்ரோலிக்கிற்கு விற்காதீர்கள், குறையை மறைத்து விற்றதாகிவிடும். நான் பில்லில் குழாயின் விட்டம், சுவர்த் தடிப்பு, தாங்கும் அமுக்கம் மூன்றையும் எழுதிக் கொடுக்கிறேன். சிலர் விலை கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். போனவர்களில் ஒரு சிலர், லைன் வெடித்து எண்ணெய் முழுவதும் கொட்டியபின், அதே துண்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி வருகிறார்கள்.