முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் பிள்ளை

இந்த மாத ஆரோக்கியப் பாடத்தில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயைப் பற்றிப் பார்ப்போம். பெயர் வாயில் நுழையாதுதான். ஆனால் அடையாளத்தைச் சொன்னால், "எங்க தெருவுலயும் இப்படி ஒரு பிள்ளை இருந்துச்சே" என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும்.

பிள்ளை நன்றாகச் சாப்பிடும், உடம்பு மட்டும் தேறாது. மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு, கடும் நாற்றத்தோடு போகும். வருடம் முழுக்கச் சளி, இருமல், திரும்பத் திரும்ப நிமோனியா. முத்தம் கொடுத்தால் நெற்றி உப்புக் கரிக்கும். நாம் சவலை என்று சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம். ஆஸ்பத்திரியிலும் பல நேரம் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்றோ ஆஸ்துமா என்றோ நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது உண்டு. இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய் என்ற எண்ணம் நீண்ட காலம் இருந்தது. ஆனால் 1968-லேயே இந்தியக் குழந்தைக்கு இருப்பதை நம் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

உடம்பில் உப்பும் தண்ணீரும் போய்வரும் ஒரு வாசல் சரியாக வேலை செய்யாததே காரணம். அதனால் சளி பசை போலக் கெட்டியாகி நுரையீரலை அடைக்கிறது. கணையக் குழாயும் அடைபடுவதால் சாப்பாட்டில் உள்ள கொழுப்பு செரிப்பதில்லை. இது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். அப்படிப்பட்ட பெற்றோர் பார்க்க ஆரோக்கியமாகவே இருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும் குடும்பங்களில் வாய்ப்பு இன்னும் கூடும். "மருமக வந்த நேரம்" என்று பேசும் மாமியார்கள் கவனிக்கவும்: அதில் பாதி உங்கள் மகன் கொடுத்தது.

நம் மதுரை வெயிலுக்கும் இந்த நோய்க்கும் ஆகவே ஆகாது. 1940-களின் கடைசியில் நியூயார்க்கில் கடும் வெயில் அடித்தபோது, சுருண்டு விழுந்து வந்த பிள்ளைகளில் பலருக்கு இந்த நோய் இருந்ததை டாக்டர்கள் கவனித்தார்கள். வியர்வையில் உப்பு அளவுக்கு மீறி வெளியேறுகிறது என்று 1953-ல் தெரிய வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் வியர்வைப் பரிசோதனை. ஊசி கிடையாது. கையில் வியர்வை வரவைத்து, அதில் உள்ள உப்பை அளப்பார்கள். டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2002-ல் இதற்குக் குறைந்த செலவில் ஒரு முறையை உருவாக்கினார்கள். ஆகவே இது பணக்கார நாட்டுக்கு மட்டும் உரிய சோதனை அல்ல.

நோய் உறுதியானால் சாப்பாட்டோடு என்சைம் மாத்திரை, வைட்டமின், டாக்டர் சொல்லும் அளவில் கூடுதல் உப்பு, ஆவி மருந்து, தினமும் முதுகைத் தட்டிச் சளி எடுத்தல். இதில் பாதிக்கு மேல் வீட்டில் அம்மாதான் செய்கிறாள். அவளுக்குக் கற்றுத் தர ஆள் வேண்டும். 1957-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் டாக்டர், பிசியோதெரபிஸ்ட், உணவு ஆலோசகர் எல்லோரையும் ஒரே மையத்தில் சேர்த்தார்கள். விலையுயர்ந்த புது மருந்து எதுவும் வராத காலத்திலேயே அங்கே பிள்ளைகள் அதிக நாள் பிழைத்தார்கள். நம் மாநிலத்தில் வேலூர் சி.எம்.சி. குழந்தைகள் பிரிவில் இந்த நோய்க்கென்று தனி கிளினிக் நடக்கிறது.

ஆனால் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து வேலூர் என்றால் ஓர் இரவுப் பயணம். போகவர இரண்டு மூன்று நாள் கூலி போச்சு. இதைத்தான் நாம் பேச வேண்டும். நம் பெரியாஸ்பத்திரியில் கேட்க வேண்டியது பெரிய கட்டடம் அல்ல. வியர்வைப் பரிசோதனை இங்கேயே செய்ய முடியுமா? இல்லை என்றால் எங்கே அனுப்புவீர்கள்? என்சைம் மாத்திரை இலவசமாக, இடைவிடாமல் கிடைக்குமா? இன்னொன்றும் உண்டு. இந்த நோய் உள்ள இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது. நோய் தொற்றாது, ஆனால் ஒருவர் நுரையீரலில் உள்ள கிருமி மற்றவருக்குப் போகும். குறைந்தது 6 அடி தள்ளி உட்கார வைக்க வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை, தெரிந்திருந்தால் போதும்.

நோயின் வேரையே சரிசெய்யும் மாத்திரை 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலை ஏழைக்கு எட்டாது. 2021-ல் வந்த மத்திய அரசின் அரிய நோய்க் கொள்கையில் இந்த நோய்க்கான புது மருந்துகளும் சொல்லப்பட்டுள்ளன. 2022 முதல் உதவித்தொகையின் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இதற்கான மையங்களில் ஒன்று. ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஹீமோபிலியா, தலசீமியா இருக்கின்றன, இது இல்லை. என் கருத்தில் புது மருந்துக்காகப் போராடும் முன்பே வியர்வைப் பரிசோதனையும் என்சைம் மாத்திரையும் மாவட்டத்துக்கு வந்தாக வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேச:

நம் தெருவில் சளியும் தேறாத உடம்பும் சேர்ந்த பிள்ளை உண்டா? அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் அந்த அம்மாவோடு யார் போவது? "வியர்வை உப்புப் பரிசோதனை வேண்டும்" என்று கேட்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தோமா? வெளியூர் போக வேண்டி வந்தால் குழுவிலிருந்து அவசரக் கடன் எவ்வளவு தரலாம்? கிராம சபையில் மனு கொடுப்பது யார்?